திரிபோஷாவும் காயச் சரக்கும்

இலங்கையின் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கிளினிக் நாளென்றால் கொழுந்தெடுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்ற யோசனைதான் முதலில் வரும்.

திரிபோஷா 1973இல் தொடங்கிய திட்டம். சோளம், சோயா, பால்மா சேர்ந்த மா. கர்ப்பிணிக்கு மாதம் இரண்டு பக்கற், ஒன்று 750 கிராம். தாளில் அது தாய்க்குரியது. லயத்தில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் மூத்தவனுக்கு இரண்டு, பிள்ளைக்காம்பராவிலிருந்து (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்) வரும் சின்னதுக்கு இரண்டு, மாமியாருக்கு ஒன்று. தாய்க்குச் சட்டி வழித்த மா. அடுத்த மாதம் நிறை கூடவில்லை என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் ஏச்சு வேறு! ஏச வேண்டியது அவளையா?

பிள்ளைகளின் நிலையும் நல்லதில்லை. 2016 தேசிய ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டில் 17 சதவீதம். தோட்டங்களில் ஏறத்தாழ 32.

பிள்ளை பிறந்ததும் காயச் சரக்கு. மிளகு, மல்லி, மஞ்சள், உள்ளி இடித்து வைக்கும் குழம்பை நான் குறை சொல்லமாட்டேன், ருசியும் அப்படி. பத்தியம் என்று தண்ணீரை அளந்து கொடுப்பதும் பழம், கீரையை நிறுத்துவதும்தான் பிழை. பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். வல்லாரைக் கஞ்சியை ஆயுர்வேத வைத்தியரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்.

கிளினிக்குக்கு மாமியாரையும் கூப்பிடுங்கள், அடுப்பு அவர் கையில்தான். கர்ப்பிணிக்கு அன்றைக்கு முழுப்பேர் போடச் சொல்லித் தோட்ட நிர்வாகங்களைச் சங்கங்கள் கேட்கட்டும்.