வெள்ளெழுத்து

நாற்பதைக் கடந்தவருக்கு அருகிலுள்ள எழுத்து மங்குவதைத் தமிழில் வெள்ளெழுத்து என்கிறோம். குறை கண்ணில் இருக்க, வெளுத்துப்போனது எழுத்துதான் என்று சாதிக்கும் சொல். முதியவர்கள் விஷயத்தில் இந்தச் சாதிப்பு இன்னும் ஓரடி தள்ளிப் போய்விடுகிறது. மங்குவது கண், பழி மூளைக்கு.

மயிலாப்பூரில் இருக்கும் என் பெரியப்பா, லஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் மணிக்கணக்காக நின்றவர். எண்பதை நெருங்கியபோது படிப்பதை நிறுத்தினார். மாட வீதியில் எதிர்ப்பட்ட நண்பரை அடையாளம் தெரியாமல் கடந்துபோனார். பேச்சு குறைந்தது. மறதி நோய்தான் என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள். தியாகராய நகரில் ஒரு நரம்பியல் மருத்துவர் சோதித்தார். வாயால் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குச் சரியாகவே பதில் சொன்னவர், தாளில் இருந்ததைப் படிக்கவும் படத்தைப் பார்த்து வரையவும் சொன்னபோது திணறினார். "முதலில் கண்ணைக் காட்டுங்கள்" என்றார் மருத்துவர். இரு கண்ணிலும் முற்றிய புரை.

இதை ஒரு வீட்டுக் கதையாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், கண்புரையோ கண் அழுத்த நோயோ கொண்ட மூவாயிரத்துச் சொச்சம் முதியவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021 டிசம்பரில் வெளியாயிற்று. புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது. கண் அழுத்தத்துக்கான அறுவையில் அப்படி வேறுபாடு இல்லை. அது போன பார்வையைத் திருப்பித் தருவதில்லை. (அறுவைக்குத் துணிபவர்கள் முன்பே திடமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை முழுதாக விலக்க முடியாது.) 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, தவிர்க்கக்கூடிய 14 காரணிகளுள் ஒன்றாகச் சரிசெய்யப்படாத பார்வைக் குறைவைச் சேர்த்தது. அதன் பங்கு நூற்றுக்கு இரண்டுதான். ஆனால் பட்டியலில் இவ்வளவு எளிதாகத் தீர்க்கக்கூடியது வேறு எத்தனை இருக்கிறது?

1819இலேயே கண் மருத்துவமனை கண்ட ஊர் இது. அது இன்றும் எழும்பூரில் நடக்கிறது. 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. தடையாக நிற்பது "இந்த வயசுக்கு மேல எதுக்கு?" என்ற வாக்கியம் என்றே நினைக்கிறேன். பெரும்பாலும் அதைச் சொல்பவர்கள் பிள்ளைகள்.

அடையாறில் அறுவை நடந்தது. கட்டைப் பிரித்ததும், கூடத்துச் சுவர் நீல நிறம் என்பதை அப்போதுதான் பார்த்ததாகப் பெரியப்பா சொன்னார். மறதி முற்றிலும் போய்விடவில்லை. பெயர்கள் இன்னும் நழுவுகின்றன. ஆனால் மறுபடி படிக்கிறார், பத்திரிகைகள் எழுத்தைச் சிறிதாக அச்சிடுவதைத் திட்டியபடி. சென்ற வாரம் ஒரு சிறுகதையை முடித்துவிட்டு, புது ஆள், நன்றாக எழுதுகிறான் என்றார். போன மாதமும் அதே கதையைப் படித்து அதையேதான் சொல்லியிருந்தார்.