கை வைக்காத கோட்டு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. காரணம், பாதி சோம்பேறித்தனம், மீதி தையல் மெஷின். முதல்லயே சொல்லிடறேன், தையல்ல நான் எல்கேஜி. தலையணை உறை, ஜன்னல் திரை, அவ்ளோதான் நம்ம அனுபவம். நேர்கோடா இருந்தா தைப்பேன், வளைவு வந்தா ஓடிடுவேன் :-) அப்படிப்பட்டவ கம்பளித் துணி வாங்கி கேப் தைச்ச கதை இது. தலையில மாட்டற கேப் இல்லீங்க. தோள்லேர்ந்து முழங்கால் வரைக்கும் தொங்குமே, கை வைக்காத கோட்டு, அது.

2023 நவம்பர்ல அம்மா திருநெல்வேலிலேர்ந்து டொராண்டோவுக்கு வந்தாங்க. வந்த ரெண்டாம் நாளே தடிமனா ஒரு கோட்டு வாங்கப் போனோம். கடையில போட்டுப் பார்க்கும்போதுதான் தெரிஞ்சுது, வலது தோள்பட்டை இறுகிப் போயிருக்கு. கையை மேலயும் தூக்க முடியலை, பின்னாடியும் கொண்டுபோக முடியலை. ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க! சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் அதிகமாவே வருமாம். சரியாக மாசக்கணக்குல ஆகும், சில பேருக்கு வருஷமே தாண்டும்னு பிசியோதெரபிஸ்ட் சொன்னாங்க.

அன்னிலேர்ந்து வாசல்ல தினம் ஒரு யுத்தம். வலிக்கிற கையை முதல்ல விடணும், கழட்டும்போது அதைக் கடைசியா எடுக்கணும். நான் பின்னாடி நின்னு, ஸ்கூலுக்குப் போற குழந்தைக்கு மாட்டற மாதிரி மாட்டி விடுவேன். அம்மா பல்லைக் கடிச்சிட்டு நிப்பாங்க. பத்து நாள் போச்சு. அப்புறம், "எனக்கு வெளிய என்ன சோலி, நீங்க போயிட்டு வாங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. குளிர் தாங்கலை போலன்னு நினைச்சேன்.

ஒரு நாள் என் பொண்ணுகிட்ட சொல்லிட்டு இருந்தது காதுல விழுந்துது. "உங்கம்மா வந்து சட்டை மாட்டி விட்டாத்தான் ஆச்சி வாசல் தாண்ட முடியும், பாத்துக்க."

சிரிச்சிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. எங்க தெருவுல பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைச்சது அம்மாதான். கால் மெஷின். பேட்டர்ன், காகிதம் எல்லாம் கிடையாது. ஒரு அளவு ஜாக்கெட் குடுத்தா போதும், துணி மேல வெச்சு, சாக்பீஸால நாலு கோடு, கத்திரி, முடிஞ்சுது. அந்தக் காசுலதான் நான் காலேஜ் படிச்சேன். அந்தக் கைக்கு நான் சட்டை மாட்டி விடறேன்!

கோட்டுல பிரச்சினையே கைதானே, கையே இல்லாத கோட்டு இருந்தா? ரங்கமணிகிட்ட சொன்னேன். "கடையில வாங்கிடேன்"னார். தேடினேன். எல்லாம் மெலிசு, இல்லைன்னா தலைவழியா மாட்டறது. தலைவழியா மாட்டக் கையைத் தூக்கணுமே. சரி, நாமளே தைப்போம்னு ஒரு பிடிஎஃப் பேட்டர்ன் வாங்கினேன். முப்பத்தி சொச்சம் பக்கம். பக்கத்துக்குள்ள அடங்கற மாதிரி பிரிண்ட் போட்டுத் தொலைச்சேன். அளவு பார்க்க ஒரு கட்டம் குடுத்திருப்பாங்க, அது சின்னதா வந்துடுச்சு. திரும்ப மொத்தமும் பிரிண்ட். ஹால் முழுக்கக் காகிதம் ஒட்டிட்டு இருந்ததைப் பார்த்து அம்மா, "ஏட்டி, வீட்டுக்கு பிளான் போடுதியா?"ன்னாங்க.

குவீன் வீதிப் பக்கம் போய், 150 செ.மீ அகலத்துல ரெண்டரை மீட்டர் மெல்ட்டன் வாங்கினேன். நெய்தப்புறம் சுருக்கி அடர்த்தியாக்கின கம்பளி அது. காத்து சுலபமா புகாது. வெட்டின ஓரம் லேசுல பிரியாது, ஓவர்லாக் அடிக்கிற வேலை மிச்சம். அம்மா பழக்கப்படி பக்கெட்ல ஊறப் போடக் கிளம்பினாங்க, தடுத்துட்டேன். கம்பளியை வெந்நீர்ல போட்டு அலசினா சுருங்கி அட்டையாகிடும். ஈரத் துண்டு ரெண்டோட டிரையர்ல கொஞ்ச நேரம் சுத்த விட்டேன், அந்த ஆவியிலயே சுருங்க வேண்டியது சுருங்கிடும்.

தைக்கறப்போ மேற்பார்வை அம்மா. பேட்டர்ன்ல உள் தையலுக்கு ஒன்றரை செ.மீ தான். "நாளைக்குப் பிரிச்சு விட வேண்டாமா?"ன்னு கோவம். அந்த ஒன்றரையையும், காலர்ல தடிப்பா நிக்கக் கூடாதுன்னு, மடிப்புக்கு மடிப்பு படிப்படியா நான் கத்திரிச்சப்போ முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. 16ம் நம்பர் ஊசி போட்டும் காலர்கிட்ட மெஷின் முனகி நின்னுடுச்சு. சக்கரத்தைக் கையால சுத்தித்தான் கரையேறினேன். தையலை ஆவியில அயர்ன் பண்ணி, சூடு ஆறுறதுக்குள்ள சப்பாத்திப் பலகையை வெச்சு அழுத்தினா அப்படியே படிஞ்சிடுது. இது டிப்ஸ், குறிச்சுக்கோங்க.

எல்லாம் தைச்சு ஜன்னல்கிட்ட பிடிச்சா, வலது முன்பக்கம் மட்டும் ஒரு மாத்து கறுப்பா தெரியுது. துணியை மிச்சம் பிடிக்கிறேன்னு அந்த ஒரு துண்டைத் தலைகீழா வெட்டியிருக்கேன்! கம்பளியோட முடி ஒரே பக்கமா சாயணும். "வெல்வெட்டுல பாவாடை வெட்டும்போது தடவிப் பாத்துட்டுல்லா வெட்டணும்? இதும் அப்படித்தான்"னாங்க அம்மா. அழுகையே வந்துடுச்சு. "விடுட்டி, ரோட்டுல எவன் நின்னு தடவிப் பாக்கப் போறான்?"

உள்ள சாட்டின் லைனிங், சேலை மேல வழுக்கிட்டுப் போகணும்ல. கை நீட்ட ரெண்டு பக்கமும் தையல்ல 25 செ.மீ திறப்பு. முன்னாடி பெரிய பட்டன் மூணு. லைனிங் எம்மிங்கை அம்மா என்கிட்டேர்ந்து பிடுங்கிட்டாங்க. "தோளைத்தான் தூக்க முடியலை, வெரலுக்கு என்ன?" மடியில வெச்சு ரெண்டு நாள் தைச்சாங்க. தையல் எங்க இருக்குன்னு எனக்கு இன்னும் தெரியலை.

குறையும் சொல்லிடறேன். மைனஸ் பத்துக்குக் கீழ போனா அந்தத் திறப்பு வழியா காத்து ஊசியா ஏறும். உள்ள தொளதொளன்னு ஸ்வெட்டர் வேணும்.

பிப்ரவரில ஒரு மத்தியானம். ஒரு மீட்டிங் முடிச்சு கீழ வர்றேன், அம்மாவைக் காணோம். பூட்ஸ் இல்லை. ஆணியில கேப் இல்லை. வெளிய ஐஸ். செருப்பைத் தேடறதுக்குள்ள கதவு திறந்துது. மூக்கு சிவந்து, கேப்போட திறப்பு வழியா இடது கையை நீட்டினாங்க. தெருமுனையில எல்லா வீட்டுக்கும் பொதுவா இருக்கே தபால் பெட்டி, அது வரைக்கும் போயிட்டு வந்திருக்காங்க.

"எல்லாம் வெளம்பரம்தான். ஒரு லெட்டரைக் காணோம்"னு பேப்பர் கத்தையை என் கையில குடுத்துட்டு, பட்டனை அவங்களே கழட்டி, கேப்பை அவங்களே ஆணியில மாட்டினாங்க.

இடது கையாலதான்.