விழுந்தவரை எழுப்பிய மலைப்பாதை

ஆப்பிரிக்கா என்றவுடன் வெயிலும் மணலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், மொராக்கோவின் மத்திய அட்லஸ் மலையில், 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள இஃப்ரான் நகரில் பனி பொழிகிறது! செந்நிறக் கூரை வீடுகளைக் கடந்தால் தேவதாருக் காடுகள். அங்கே காற்று மெலிந்தது; சிறிது தூரம் ஓடினாலே மூச்சு வாங்கும்.

இவ்வூரில் பயிற்சி பெற்றவர்தான் ஹிஷாம் அல் குர்ரூஜ். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கின் 1,500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் இடறி விழுந்தார். கடைசியாகவே வந்து சேர்ந்தார். 1998-இல் அதே தொலைவில் உலக சாதனை படைத்தார். எனினும் 2000-இல் சிட்னியில் கிடைத்தது வெள்ளியே. ஓட்டத்தை அவர் விட்டாரில்லை. 2004-இல் ஏதென்ஸில் 1,500, 5,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார்.

இடையில் கழிந்தவை எட்டு ஆண்டுகள்! மலைக்காற்று குருதிக்கு வலுவூட்டலாம். தோல்வியைத் தாங்கும் உள்ளத்தை அன்றாட ஓட்டமே உருவாக்குகிறது. நம் ஊரில் அட்லஸ் மலை இல்லாதிருக்கலாம். ஆயினும் விடியற்காலையும் தெருவும் இருக்கின்றனவே! இன்று நடையாகத் தொடங்குங்கள். நாளையும் தவறாது புறப்படுங்கள்.