சூடாகும் சார்ஜர் பிளக்: குற்றவாளி யார்?

மின்சார வண்டி வாங்கியவர்கள் பாட்டரியைப் பற்றிக் கவலைப்படுவதில் பத்தில் ஒரு பங்கு கூட பிளக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ராத்திரி சொருகிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். சில மாதம் கழித்து, சார்ஜ் ஏறும்போது பிளக்கைத் தொட்டால் சுடுகிறது. அப்புறம் வெள்ளை பிளாஸ்டிக்கில் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு. அதற்கும் அப்புறம் வீட்டில் மீன் வாங்காத நாளில் மீன் நாற்றம். (சூடு தாங்காத பிளாஸ்டிக் அப்படித்தான் நாறும். சமையலறையில் தேடவேண்டாம்.)

எலக்ட்ரீஷியன் வருவார். கருகிய பிளக்கை வெட்டிவிட்டுப் புதுசு போடுவார். இரண்டே வாரத்தில் அதுவும் பழுப்பாகும். மறுபடி கூப்பிட்டால், "சாக்கெட்ல ஒண்ணும் இல்ல சார், வண்டிதான் கரண்ட் ஜாஸ்தி இழுக்குது, சர்வீஸ்ல கேளுங்க" என்பார். சர்வீஸில் கேட்டால், "வீட்டு வயரிங் சரியில்ல சார்" என்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் வண்டிக்காரர்.

வண்டி ஜாஸ்தி இழுக்கவில்லை. 15 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 15 ஆம்பியர்தான் இழுக்கிறது. ஆனால் அதை ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கிறது, அதுதான் வித்தியாசம். கீசர் கால் மணி நேரம் ஓடும், அயர்ன் பாக்ஸ் விட்டுவிட்டு ஓடும். அதே சாக்கெட் பத்து வருஷம் கீசருக்கு ஒழுங்காக உழைத்தது என்பது இங்கே சாட்சியாக எடுபடாது. அமெரிக்க மின்விதிகளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் லோடுக்குத் தனிக் கணக்கே உண்டு. 50 ஆம்பியர் சர்க்யூட் என்றால் 40 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து இழுக்கக்கூடாது.

பிளஸ் டூவில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த ஜூல் வெப்ப விதி ஞாபகம் இருக்கிறதா? மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வெப்பம். பின்னும் சாக்கெட்டும் நன்றாகக் கவ்வியிருந்தால் அந்த இடத்தின் மின்தடை ஒரு மில்லி ஓம் அளவில் இருக்கும். 15 ஆம்பியர் ஓடினால் 0.225 வாட், தொட்டால் தெரியக்கூடத் தெரியாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, பித்தளை கறுத்து, அதுவே 100 மில்லி ஓம் ஆனால்? 22.5 வாட். லேபில் இருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்! கிட்டத்தட்ட அப்படி ஒன்றை சாக்கெட்டுக்குள் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுத் தூங்குவது மாதிரி. சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு.

பயப்பட வேண்டிய விஷயம் இனிமேல்தான். இந்தக் கோளாறை எம்.சி.பி. கண்டுபிடிக்காது. கரண்ட் ஒரு ஆம்பியர் கூடக் கூடவில்லையே, அது ஏன் ட்ரிப் ஆக வேண்டும்? ஆர்.சி.சி.பி.யும் கண்டுபிடிக்காது, கசிவு ஏதும் இல்லை. 230 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் குறைந்திருக்கும், அவ்வளவுதான். பாதுகாப்புக்கு என்று வாங்கி மாட்டிய எல்லாம் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்க, பிளக் மட்டும் உருகும்.

2013 நவம்பரில் அமெரிக்காவில் இர்வைன் என்ற ஊரில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த டெஸ்லா மாடல் எஸ் நின்ற கராஜில் தீ பிடித்தது. குற்றம் காரிலா சுவரிலா என்று பெரிய விவாதம். 2014 ஜனவரியில் டெஸ்லா 29,222 கார்களுக்கு வேலை பார்த்தது. மின்சாரம் தடுமாறினால் காரே 25 சதவீதம் கரண்டைக் குறைத்துக்கொள்ளும்படி மென்பொருள், கூடவே சூடானால் அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ் வைத்த புது அடாப்டர். (இதை "ரீகால்" என்று சொன்னதற்கு எலான் மஸ்க் ட்விட்டரில் கடுப்பானது தனிக்கதை.) சுவரில் குறை இருந்தாலும் தாங்குகிற மாதிரி பிளக்கைச் செய்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

சரி, நம் பழுப்பு பிளக்குக்கு வருவோம். முதலில் வண்டியிலோ ஆப்பிலோ சார்ஜிங்கை நிறுத்தி, சுவிட்சையும் எம்.சி.பி.யையும் அணைத்துவிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்க வேண்டும். லோடு ஓடும்போது பிடுங்கினால் பொறி பறந்து பின்னில் குழி விழும். பிறகு டார்ச் அடித்து, எங்கே கறுத்திருக்கிறது என்று பார்ப்பது. துப்பு முழுக்க அங்கேதான். பின்னின் நுனிப்பக்கம் கறுத்திருந்தால் சாக்கெட்டின் ஸ்பிரிங். பின் பிளக்கோடு சேரும் அடிப்பக்கம் கறுத்திருந்தால் பிளக்குக்குள்ளே இருக்கும் ஸ்குரூ. சாக்கெட்டின் பின்புறம் வயரின் இன்சுலேஷன் இறுகிக் கறுத்திருந்தால் அந்த டெர்மினல் ஸ்குரூ. ஃபேஸ், நியூட்ரல் இரண்டில் ஒரு பின் மட்டும் சுட்டால் அந்த ஒரு இணைப்பில் கோளாறு. இரண்டும் ஒரே மாதிரி சுட்டு, வயரும் நீளத்துக்குச் சுட்டால் வயரே மெல்லிசு. மெல்லிய இழைகளை ஈயம் வைத்து ஒட்டி ஸ்குரூவில் முடுக்குவது சிலருக்குப் பெருமை. ஈயம் அழுத்தத்தில் மெதுவாக நசுங்கி இடம் கொடுக்கும், ஸ்குரூ தானாகவே லூஸ் ஆகிவிடும்.

மல்டிமீட்டரால் இந்த மின்தடையை அளக்கலாம் என்று கிளம்புபவர்கள் உண்டு. மீட்டரின் ஒயர்களுக்கே 200 மில்லி ஓம் வரை இருக்கும், தேடும் பொருளை விடத் தராசு கனம்! கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியும் உதவாது, காய்ச்சல் அளவைத் தாண்டினால் "ஹை" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். தொழிற்சாலை வகை இன்ஃப்ராரெட் மானி நல்லது. அதுவும் பளபளக்கும் உலோகத்தில் பொய் சொல்லும், பிளாஸ்டிக் முகப்பில்தான் காட்ட வேண்டும். சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் நிலையான அளவு தெரியும். வண்டியில் கரண்டைக் குறைக்கும் வசதி இருந்தால் பாதியாக்கிப் பார்க்கலாம். வெப்பம் கால்வாசியாகும். தற்காலிகமாக ஒப்பேற்றலாம், ஆனால் அது ரிப்பேர் இல்லை.

வண்டிப் பக்கம் சொருகும் கன் சுட்டாலும் கதை இதேதான். பல வண்டிகளில் அங்கே வெப்ப சென்சார் இருப்பதால் வண்டி கரண்டைக் குறைத்துக்கொள்ளும். "இப்பல்லாம் சார்ஜ் லேட்டா ஏறுது" என்ற புலம்பலுக்குப் பின்னால் சில சமயம் இருப்பது இதுதான். கன்னா, வண்டியா என்று கண்டுபிடிக்கப் பக்கத்து வீட்டு வண்டியில் சொருகிப் பார்க்கத் தோன்றும். டார்ச் அடித்துப் பார்க்காமல் அதைச் செய்யக்கூடாது. குழி விழுந்த முனை, நல்ல பின்னையும் கீறி வைத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இந்த வியாதியைப் பரிசளித்த மாதிரி ஆகும்.

புது பிளக் ஏன் இரண்டு வாரத்தில் கருகியது என்பதற்கும் விடை இதுவே. எலக்ட்ரீஷியன் மாற்றியது அடிபட்டவனை, அடித்தவன் சுவரிலேயே இருந்தான். தளர்ந்த சாக்கெட் புது பிளக்கைக் கெடுக்கும், கருகிய பிளக் புது சாக்கெட்டைக் கெடுக்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும், கருகிய வயர் நுனியையும் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட வேண்டும். கழற்றிய பழைய பிளக்கை டூல்ஸ் டப்பாவில் போட்டு வைத்தால், ஆறு மாதத்தில் யாராவது எடுத்து அயர்ன் பாக்ஸுக்கு மாட்டிவிடுவார்கள். பின்னை வளைத்துக் குப்பையில் போடுவது உத்தமம்.