சூனியக்காரிகள் குன்றும் மூத்தம்மாவின் கதைகளும்



ஓகஸ்ட் லீவுக்கு லித்துவேனியாவில் படிக்கிற தம்பியிடம் போய் வந்தேன். நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, "காட்டுக்குள்ள என்ன சேர் இவ்வளவு சிலை?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு.

பால்டிக் கடலுக்கும் ஒரு பெரிய களப்புக்கும் நடுவே 98 கிலோமீற்றர் நீளமான ஒடுங்கிய மணல் திட்டு இருக்கிறது. பாதி லித்துவேனியாவுக்கு, பாதி ரஷ்யாவுக்கு. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. அங்கே யுவோட்கிராண்டே என்ற சிற்றூரை ஒட்டிய காட்டுக் குன்றுக்குப் பெயர் 'சூனியக்காரிகள் குன்று'. நடைபாதையின் இரு பக்கமும் ஏறத்தாழ 80 மரச் சிற்பங்கள். பிசாசு, சூனியக்காரி, மீனவன் என்று எல்லாம் அந்த மக்களின் நாட்டார் கதைகளில் வருபவை.

நெரிங்கா என்ற ராட்சதப் பெண்ணின் கதை எனக்குப் பிடித்தது. கடல் கொந்தளித்து மீனவர்கள் தவித்தபோது, அவள் தன் முந்தானையில் மணல் அள்ளிக் கொட்டி அந்தத் திட்டையே உண்டாக்கினாளாம். களப்போரத்தில் வாழ்கிற நமக்கு இந்தக் கதை அந்நியமா என்ன?

இன்னொரு கதை பாம்பரசனை மணந்த எக்லேயுடையது. கணவனைக் கூப்பிடும் ரகசியப் பெயரைக் கடைசி மகள் பயத்தில் மாமன்மாரிடம் சொல்லிவிட, அவர்கள் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். துயரம் தாங்காத எக்லே பிள்ளைகளை மரங்களாக்கித் தானும் மரமாகிறாள். சின்னக் காற்றுக்கும் இலை நடுங்கும் மரம்தான் அந்தக் கடைசி மகள். இதைக் கேட்ட பிள்ளை அந்த மரத்தை மறக்குமா?

அந்தச் சிற்பங்களைச் செதுக்கத் தொடங்கியது 1979இல். அன்று லித்துவேனியா சோவியத் ஆட்சியில் இருந்தது. 1990இல்தான் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். ஆட்சி அடுத்தவன் கையில் இருந்த நாளிலும் தங்கள் கதைகளைக் கருவாலி மரத்தில் செதுக்கி, பிள்ளைகள் நடக்கிற பாதையில் நிறுத்தினார்கள்.

"முஸ்லிம் வாத்தியாருக்குச் சிலையில் என்ன வேலை?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அங்கே யாரும் அவற்றை வணங்கவில்லை. நானும் சிலை வைக்கச் சொல்லவில்லை. நம் முன்னோர் உருவம் செதுக்கவில்லை, குரலில் வைத்தார்கள். வட்டையில் பாடிய கவி, தொட்டிலில் பாடிய தாலாட்டு, திண்ணையில் போட்ட நொடி, பொல்லடிப் பாட்டு எல்லாம் அப்படித்தான் நம்மிடம் வந்தன.

ஆனால் குரல் ஆளோடு போய்விடும். போன நோன்புக்கு முன் எங்கள் மூத்தம்மா மௌத்தானா. அவ சொன்ன கதைகளில் முழுசாக என்னிடம் இருப்பவை இரண்டுதான். மற்றதெல்லாம் அவவோடு கபுறுக்குள் போய்விட்டன.

இந்தத் தவணை தரம் 7 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரு கதையோ கவியோ கேட்டு, போனில் பதிவு செய்து, கேட்டபடியே கொப்பியில் எழுதி வர வேண்டும். பெற்றோரே, பிள்ளை போனைக் கேட்டால் இதற்காக அரை மணித்தியாலம் கொடுங்கள். மூத்தம்மா, அப்பாமாரே, "அதெல்லாம் பழைய கதை" என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்தப் பழைய கதைதான் எங்களுக்கு வேண்டும்.