அப்பப்பாவின் ஏ40ஐ மினுக்கிறது

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 என்றால் அதென்ன கார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சண்டைக் காலத்தில் வடக்குக்குப் புதுக் கார் வராது, உதிரிப்பாகம் வராது, பெற்றோலும் வராது. கிடந்த பழைய கார்களைத்தான் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்ராட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். எங்கட வீட்டில் நிற்கிறது அதில் சோமர்செற் என்ற வகை. 1952இலிருந்து 1954 வரைக்கும்தான் இங்கிலாந்தில் அதைச் செய்தார்கள். அப்பப்பா அதை வாடகைக்கு ஓட்டித்தான் நாலு பிள்ளைகளை வளர்த்தார்.

இந்த ஆவணியில் கனடாவில் இருக்கிற சித்தப்பாவின் மகளுக்கு இங்கே கல்யாணம். அக்காவுக்கு ஏ40இல்தான் கோயிலுக்குப் போகவேணுமாம். சித்தப்பாவும் சந்தோசமாக ஓம் சொல்லிவிட்டு, "காசு அனுப்புறன், முழுக்கச் சுரண்டிப்போட்டுப் புதுசா பெயின்ற் அடியுங்கோ" என்றார். அப்பப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய் கார்க் கொட்டிலுக்குள் நின்றுகொண்டார். அவர் மறுப்புச் சொல்கிற முறை அது. நாங்கள்தான் இடையில் புகுந்து, இரண்டு சனிக்கிழமை தாருங்கோ, கையால் மினுக்கிப் பார்க்கிறம், சரிவராவிட்டால் பெயின்ற் அடிக்கலாம் என்று கேட்டு வாங்கினோம்.

கார் அவ்வளவு மங்கிப்போனதற்கு 2022ஐத்தான் சொல்லவேணும். பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்ற அந்த வருசம் கார் தறப்பாளுக்குக் கீழே அப்படியே கிடந்தது. தறப்பாள் காரைப் பாதுகாக்கும் என்று எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். காற்றுக்கு ஆட ஆட, அடியில் சிக்கிய புழுதியோடு சேர்ந்து அரத்தாள் மாதிரி உரஞ்சும். பச்சைக் கார் சாம்பல் பூத்த பச்சையாகிவிட்டது.

கழுவுறதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பளபளப்புக் கெடுவது அநேகமாகக் கழுவும்போதுதான். கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் கைக்கு மா மாதிரித்தான் இருக்கும், ஆனால் அதை ஒரு சீலையில் எடுத்துக் கார் மேல் தேய்த்தால் வெயிலில் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். அதனால் முதலில் சீலையே வேண்டாம், வெறும் தண்ணீரை மேலிருந்து கீழே ஊற்றிப் புழுதியை ஓடவிட வேணும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் சும்மா தண்ணீர். ஒவ்வொரு முறை துடைத்த பிறகும் சீலையைச் சும்மா தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மற்ற வாளிக்குள் விடலாம். கடைசியில் அந்த இரண்டாவது வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள். அங்கே கிடக்கிற மண் எல்லாம் உங்கள் கார் மேல் கோடு போட்டிருக்க வேண்டியது. கூரையில் தொடங்கிக் கீழே வரவேணும், ரயருக்கு வேறு சீலை. சட்டி கழுவுற சவர்க்காரம் முன்பு பூசிய மெழுகையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

சேவிஸ் ஸ்ரேசனில் விட்டு அழுத்தத் தண்ணீர் அடிக்கலாமே என்று பக்கத்து வீட்டு அண்ணா கேட்டார். எழுபது வயதுக் காருக்கு அது கூடாது. கண்ணாடி றப்பர் எல்லாம் இறுகிப்போய் இருக்கு. கதவுகளுக்கு நடுவில் இருக்கிற தூணிலிருந்து கை மாதிரி வெளியே நீளுமே ஒரு சிக்னல், அதற்குள் தண்ணீர் போனால் பிறகு அந்தக் கை எழும்பாது.

எங்கட கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் சொல்லவேணும். அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதுதான் கார் மேலும் படியும். வெயிலில் தானாகக் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டம். ஆகவே காலமை வெயில் ஏற முதல் கழுவி முடித்து, உடனே துவாயால் ஒற்றி எடுக்கவேணும். தேய்க்கக் கூடாது, ஒற்றவேணும். நிழல் வேணும் என்று மாமரத்துக்குக் கீழே விடுவதும் கெட்டித்தனமில்லை, மாம்பாலும் குருவி எச்சமும் அதைவிட மோசம்.

கழுவிக் காய்ந்த பிறகு அப்பப்பா கதிரையைப் பக்கத்தில் போடச் சொன்னார். அவருக்குக் கண் பார்வை இப்போது பெரிசாக இல்லை. ஒரு சொப்பின் பையைக் கேட்டு வாங்கிக் கைக்குப் போட்டுக்கொண்டு பொனெற்றை மெதுவாகத் தடவினார். "வாங்கோ மோனை, நீங்களும் தடவிப் பாருங்கோ" என்றார். வெறுங்கைக்கு வழுவழுவென்று இருந்த இடம் பைக்குள்ளால் மணல் மாதிரி இருந்தது. பெயின்றில் ஒட்டிப்போன அழுக்கு அது, ஷாம்புவுக்கு அசையாது. இதற்கென்றே விற்கிற களிமண் மாதிரி ஒரு கட்டியைச் சவர்க்காரத் தண்ணீர் தொட்டு மெல்லமாக இழுத்தால் வந்துவிடும். கட்டி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிட வேணும், ஒரு மணல் போதும் கீறுவதற்கு.

அதுக்குப் பிறகுதான் மினுக்கிறது. மினுக்கினால் எதையோ பூசுகிறோம் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். உண்மையில் பூசுவது இல்லை, எடுப்பது. வெயில் பட்டுப்பட்டுப் பெயின்றின் மேல்தோல் சுண்ணாம்புத்தூள் மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் அதில் பட்டு நாலு பக்கமும் சிதறும், கார் மங்கலாகத் தெரியும். பொலிஷுக்குள் இருக்கிற நுண்ணிய தூள் அந்தத் தோலை உரித்து, கீழே இருக்கிற மட்டமான பெயின்றை வெளியே காட்டும். ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் பெயின்ற் குறையும் என்பதுதான் இதன் அர்த்தம்.

ஏ40இல் இதைக் கண்ணாலேயே காணலாம். இந்தக் காலத்துக் கார்களில் நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும், தலைமுடியை விட மெல்லியது. அந்தக் கார்களில் சீலையில் நிறம் வந்தால் உடனே கையை எடுக்கவேணும், மேல்பூச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். பழைய பெயின்றில் அந்தப் பூச்சு இல்லை. நாங்கள் ஒரு சாண் இடம் தேய்த்ததும் சீலை முழுக்கப் பச்சை. அம்மா பார்த்துவிட்டு, "ஐயோ, காரைக் கரைச்சுப் போட்டியளே" என்று கத்தினார். அந்த ஒரு சாண் இடத்தில் மாமரக் கொப்பு தெளிவாகத் தெரிந்தது.

ஒரு துண்டு இடத்தை முடித்துவிட்டு அடுத்த இடம், நீட்டு நீட்டாக, அழுத்தாமல். விளிம்புகளில் பெயின்ற் எப்போதும் மெல்லிசு, அங்கே ரேப் ஒட்டி மறைத்துக்கொண்டோம். பம்பரில் இருந்த சின்னத் துருக்களுக்குச் சாப்பாடு சுற்றுற வெள்ளித்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். கண்ணாடிக்குப் பழைய பேப்பர்.

இடது பின்கதவுக்கு வந்தபோது வேலை நின்றது. அந்தக் கதவின் பச்சை வேறு பச்சை. கிட்டப் பார்த்தால் தூரிகை போன கோடுகள் தெரியும், கீழே மூன்று இடத்தில் பட்டி வைத்த மேடு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது, இந்தக் காரில் அப்பப்பா, அப்பம்மா, பிள்ளைகள், பூட்டி, பக்கத்து வீட்டுத் தையல் மெசின் எல்லாம் சாவகச்சேரிக்குப் போனது. அடுத்த வருசம் திரும்பி வரும்போது கதவில் செல் துண்டு பட்ட ஓட்டைகள். கார் பெயின்ற் எங்கே கிடைக்கும்? கேற்றுக்கு அடிக்கிற எனாமல் கொஞ்சம் கிடைத்திருக்கு. அதைத் தூரிகையால் அடித்தவர் அப்பம்மா. அவர் இப்போது இல்லை.

நன்றாகத் தேய்த்தால் அந்தக் கோடுகள் போய்விடும். எங்களில் ஒருத்தருக்கு அப்படிச் செய்துவிடலாம் என்றும் இருந்தது, மற்றக் கதவுகள் மினுங்க மினுங்க இது இன்னும் மோசமாகத் தெரிந்தது. போதாக்குறைக்குப் பொம்பிளை இறங்குவதும் இடது பக்கத்தால்தான், படம் எல்லாம் அங்கேதான் எடுப்பார்கள். வீடியோவில் சித்தப்பாவுக்குக் காட்டினோம். கார் வடிவாக வந்திருக்கு என்றார், "அந்தக் கதவை மட்டும் கராஜில குடுப்பமே" என்றார்.

அப்பப்பா ஃபோனை வாங்கினார். "நீ அந்தக் கதவோட ஒட்டித்தான் இருந்தனி. எட்டு வயசு. கைதடி தாண்டும் வரைக்கும் கைபிடியை விடேல்லை."

சித்தப்பா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப அதை விடுங்கோ" என்றார்.

அந்தக் கதவுக்குப் பொலிஷ் போடவில்லை, மெழுகு மட்டும் பூசினோம். மெழுகு எதையும் எடுக்காது, மேலே இருந்து காக்கும். நாங்கள் வாங்கியது கார்னோபா மெழுகு. பிறேசிலின் வடகிழக்கில் வளர்கிற ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. வறட்சியில் ஈரம் போகாமல் இருக்க ஓலை தன் மேல் பூசிக்கொள்கிற மெழுகை, ஓலையைக் காயவைத்து அடித்து எடுப்பார்களாம். படத்தில் பார்த்தால் எங்கட பனை மாதிரியே விசிறி ஓலை. அப்பப்பாவுக்குச் சொன்னோம். "எங்கட பனை இவ்வளவு தருது, மெழுகைத்தான் தரேல்லையோ" என்று கேட்டார்.

மெழுகை மெல்லிசாகப் பூசி, மங்கி வரும்வரை விட்டு, சுத்தமான சீலையால் துடைக்கவேணும். கூடப் பூசினால் கூட மினுங்காது, துடைக்கத்தான் கை நோகும்.

காருக்குப் பூக் கட்ட வருகிற தம்பியோடு இப்போதே கதைத்துவிட்டோம். பெயின்றில் ஒரு இடத்திலும் செலோரேப் ஒட்டக்கூடாது, வெயிலில் இளகிப் பெயின்றையும் உரித்துக்கொண்டு வரும். றிபனைப் பம்பரிலும் கதவுக் கைபிடிகளிலும் கட்டலாம். இடது பின்கதவில் கட்டுவதென்றால் கைபிடியில் மட்டும், தொங்கவிடாமல்.