கூடாரத்தில் குழந்தைக்குச் சுட்டுவிட்டால்

குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கும் இடத்தில் குழந்தைகளுக்குச் சிராய்ப்பும் முள்குத்தும் சாதாரணம். அஞ்ச வேண்டியது தீக்காயம். வீட்டில் மேடைமேல் இருக்கும் அடுப்பு இங்கே தரைக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரம் அதுதான். தேநீர்ப் பாத்திரம், நூடுல்ஸ் கொதிக்கும் சட்டி, சமமில்லாத தரையில் ஆடும் சிறிய எரிவாயு அடுப்பு என எதுவும் ஒரு தட்டலில் சாயும். குழந்தையின் தோல் மெல்லியது. பெரியவரின் கையில் சிவந்த தடமாக நின்றுவிடும் அதே சூடு, குழந்தையின் தோலில் ஆழமாக இறங்கிவிடும்.

இன்னொரு ஆபத்து பலர் அறியாதது. இரவில் குளிர்காய்ந்த நெருப்பை மண்ணோ மணலோ அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் படுக்கப் போகிறார்கள். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் அடியில் கங்கு விடியும்வரை சூடாகவே இருக்கும். மூடிய மண்ணே அந்தச் சூட்டை வெளியேறவிடாமல் காக்கிறது. பெரியவர்கள் எழுமுன் வெறுங்காலோடு வெளியே ஓடும் குழந்தை அதன்மேல் கால் வைக்கிறது. தடுமாறி விழுந்தால் உள்ளங்கையும் வேகும். கடற்கரை முகாம்கள் நிறைந்த ஆஸ்திரேலியாவில் தீக்காய மருத்துவர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்துவருகிறார்கள். நெருப்பைத் தண்ணீரால்தான் அணைக்க வேண்டும். ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும்.

குழந்தை அலறியதும் யாருக்கும் முதலில் தோன்றுவது, தூக்கிக்கொண்டு காருக்கு ஓடுவது. அந்த வேகத்தை அடக்குவதுதான் முதலுதவியில் மிகக் கடினமான பகுதி. வெந்நீர் வழிந்து போன பிறகும் தோலுக்குள் இறங்கிய சூடு உள்ளடுக்குகளைத் தொடர்ந்து வேகவைக்கிறது. அதை நிறுத்த ஓடும் குளிர்ந்த தண்ணீர் 20 நிமிடம் பட வேண்டும். 3 மணி நேரம் வரை பயன் உண்டென்றாலும், உடனே ஊற்றுவதற்கு ஈடில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மணி நேரம் இறங்கிப் போய் மருத்துவமனையில் பெறும் சிகிச்சையைவிட, கூடாரத்து வாசலில் ஊற்றும் அந்தத் தண்ணீர் குழந்தைக்கு அதிகம் செய்துவிடும்.

முதலில் நனைந்த உடையைக் கழற்ற வேண்டும். டயப்பர் வெந்நீரை உறிஞ்சித் தோலோடு வைத்துக்கொள்வதால் அதை மறக்கவே கூடாது. காப்பு, கொலுசு, மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் எடுத்துவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காமல் சுற்றிலும் கத்தரித்து விடலாம். பிறகு ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள, இன்னொருவர் தண்ணீர் ஊற்ற, மூன்றாமவர் 108-ஐ அழைக்கவோ வண்டியைத் தயார் செய்யவோ செல்லலாம். 20 லிட்டர் கேன் ஒன்று, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் மெல்லிய தாரையாக விட்டால், தேவையான நேரம் முழுவதற்கும் வரும். குடிக்கும் தண்ணீர் தீர்ந்துவிடுமே என்ற தயக்கம் வேண்டாம். பனிக்கட்டி கூடாது, அது இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும்.

கொடைக்கானல், ஊட்டி போன்ற உயரங்களில் இதற்கு நேர்மாறான கவலையும் உண்டு. சிறு குழந்தையின் உடல் சீக்கிரம் சில்லிட்டுவிடும். தண்ணீர் காயத்தில் மட்டும் பட வேண்டும். மற்ற இடமெல்லாம் ஸ்வெட்டரும் கம்பளியும் இருக்க வேண்டும். குழந்தை நடுங்கத் தொடங்கினால் நிறுத்தி, முதலில் கதகதப்பாக்க வேண்டும்.

பேனா மை, பற்பசை, மஞ்சள், மாவு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. அன்போடு ஓடிவந்து நீட்டுகிறவர் பாட்டியாகவே இருந்தாலும் மறுக்கத்தான் வேண்டும். இவை சூட்டை உள்ளே அடைக்கின்றன, கிருமியைக் கொண்டுவருகின்றன, மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்க முடியாதபடி நிறத்தை மாற்றுகின்றன. கொப்புளங்களை உடைக்கக் கூடாது. குளிர்வித்து முடித்ததும், உணவுப் பொருளைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் காயத்தின்மேல் விரித்துப் போடலாம். வீங்கும்போது இறுக்கும் என்பதால் கையைச் சுற்றிச் சுற்றிக் கட்டக் கூடாது. தாள் இல்லையென்றால், கைக்கோ பாதத்துக்கோ புதிய பிளாஸ்டிக் பை போதும். மற்ற இடங்களுக்குத் துவைத்த பருத்தித் துணி.

வலிக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம். அளவை வயதை வைத்தல்ல, எடையை வைத்தே கணக்கிட வேண்டும்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். சிரப் 5 மில்லிக்கு 120, 125, 250 மில்லிகிராம் என வெவ்வேறு செறிவில் விற்கப்படுவதால் சீட்டைப் படிக்காமல் ஊற்றுவது ஆபத்து. குழந்தையின் எடையை மருந்துப் பெட்டி மூடியில் எழுதி ஒட்டிவைத்துவிட்டுப் புறப்படுவது நல்ல வழக்கம். பதற்றத்தில் அது யாருக்கும் நினைவுக்கு வராது.

விரல்களையும் சேர்த்து, குழந்தையின் உள்ளங்கை அதன் உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். காயம் அதைவிடப் பெரியதென்றால் மருத்துவமனை வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டால் அளவு சிறியதானாலும் போயாக வேண்டும். 10 சதவீதத்தை நெருங்கினால் உடலின் நீர்ச்சத்து வேகமாக இறங்கும்; அது ஆம்புலன்ஸுக்குரிய அவசரம். வெந்த இடம் வெளுத்தோ பழுப்பேறியோ பதனிட்ட தோல்போல் விறைத்து, குழந்தை "வலிக்கல" என்று சொன்னால் நிம்மதி அடையக் கூடாது. நரம்பு முனைகள் எரிந்துபோன ஆழ்ந்த காயத்தின் அடையாளம் அது.

போகும் முன் நான்கு விவரங்களைத் தாளில் குறித்துக்கொள்ளலாம்: எது சுட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் விடப்பட்டது, என்ன மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது. கூடவே தடுப்பூசி அட்டையின் படம் கைப்பேசியில் இருந்தால் டெட்டனஸ் ஊசி தேவையா என்பது உடனே தெரிந்துவிடும்.

சிறிய காயம் என்று கட்டுப்போட்டு அனுப்பிவிட்டாலும் கவனம் முடிவதில்லை. அடுத்த சில நாட்களில் காய்ச்சல், உடலில் தடிப்பு, வாந்தி, பேதி, வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் காயத்தின் அளவைப் பார்த்துத் தாமதிக்கக் கூடாது. காயத்தில் குடியேறும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மிகச் சிறிய தீக்காயத்திலிருந்துகூடச் சிறு குழந்தையின் உடல் முழுக்கப் பரவக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், சமீபத்தில் தீக்காயம் பட்டதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.